துடைக்கிற மாப் சுத்தமா இருக்கா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



தினமும் வீடு துடைக்கிறோம். ஆனா துடைக்கிற மாப்பை யாராவது துவைக்கிறோமா? அழுக்குத் தண்ணியிலேயே ஊறப்போட்டு, மறுநாள் அதையே பிழிஞ்சு துடைச்சா, நாத்தமும் கிருமியும்தான் தரை முழுக்கப் பரவும். அந்தத் தரையிலதான் நம்ம குழந்தை தவழுது. அதே கையை வாயில வைக்குது.

வாரம் ஒரு நாள் இப்படிச் செய்யுங்க. முதலில் நூலில் சிக்கின முடி, குப்பையை எடுங்க. சோப்புத்தூள் கலந்த வெந்நீரில் கசக்கி அலசுங்க. அழுக்கு போகாம பிளீச்சிங் பவுடர் போட்டா அது சரியா வேலை செய்யாது. பிறகு 5 லிட்டர் பச்சைத் தண்ணீரில் 2 டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைச்சு, 30 நிமிடம் ஊற வையுங்க. நல்ல தண்ணீரில் அலசி, இறுக்கிப் பிழிஞ்சு, நூல் தரையில் படாம வெயிலில் தொங்க விடுங்க. ஈரம் காய்ஞ்சாத்தான் கிருமி வளராது. கழிவறைக்குத் தனி மாப் வையுங்க.

முக்கியமா ஒண்ணு. பிளீச்சிங் பவுடரோட ஆசிட்டையோ, கழிவறை கழுவுற திரவத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. குளோரின் என்ற விஷவாயு கிளம்பி மூச்சை அடைக்கும், உயிருக்கே ஆபத்து. ஜன்னலைத் திறந்து வைச்சு, கையுறை போட்டு வேலை பாருங்க.

பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் துப்புரவு வேலை பார்க்கிற சகோதரிகளே, கையுறையைக் கேட்டு வாங்குங்க. தயங்க வேண்டாம். அது சலுகை இல்லை, நம்ம உரிமை.