இளவேனிலும் இல்லறமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவை ஒட்டி நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இளவேனிலைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். ஆகமங்களிலும் தத்துவத்திலும் வல்ல பெரியோர் பலர் இம்மேடையில் பேசியிருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. மாசிக் கடைசி முதல் சித்திரைத் தொடக்கம் வரை, ஒரு குடும்பம் பெருஞ்செலவின்றித் துய்க்கத்தக்க எளிய மகிழ்ச்சிகள் எவை என்பதே அது. நூல் வாசித்தல், கையால் பொருள் செய்தல், வெளியிடம் சென்று வருதல் என அவற்றை மூன்றாக வகுத்துக்கொள்கின்றேன்.

நம் முன்னோர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். இவ்விரண்டும் சந்திக்கும் நாட்களில் காலை குளிர்ந்திருக்கும். நண்பகல் சுடத் தொடங்கும். மாமரம் பூ உதிர்த்துப் பிஞ்சு பிடிக்கும். புங்கமரம் பழைய இலைகளைக் களைந்து பளபளக்கும் தளிர்களை உடுத்தும். வேம்பு பூக்கத் தொடங்கும். இலவங்காய் வெடித்துப் பஞ்சு காற்றில் மிதக்கும். குயில் விடியுமுன்னரே கூவி நம்மை எழுப்பும். பகவான் மகாவீரரின் ஜன்ம கல்யாண நாளாகிய சைத்திர மாத வளர்பிறைத் திரயோதசியும் இப்பருவத்திலேயே வருகின்றது.

துறவைத் தலையாய அறமாகப் போற்றும் சமயத்தில் பருவ மகிழ்ச்சிக்கு இடம் உண்டோ என்று சிலர் வினவலாம். விடையைப் புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் குன்றில் காணலாம். அக்குன்றின் ஒரு புறத்தில் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம் இருக்கின்றது. முனிவர்கள் தவமிருந்த கற்படுக்கைகள் அங்கே உள்ளன. மறுபுறத்தில் அறிவர் கோயில் என்னும் குடைவரை. அதன் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டுள்ளது. பூவும் மொட்டும் இலையும் செறிந்த அப்பொய்கையில் மீன்கள் நீந்துகின்றன, பறவைகள் இருக்கின்றன, யானை நிற்கின்றது, மனிதர்கள் மலர் கொய்கின்றனர். வழிபாட்டிற்காகப் பூப்பறிக்கும் பவ்வியர்கள் அவர்கள் என்று அறிஞர் பலர் பொருள் கூறுவர். உடலை வருத்தி நோற்றவர்கள் வாழ்ந்த அதே குன்றில், இத்துணைக் களிப்பான ஒரு பொய்கையைத் தீட்ட நம் முன்னோருக்குத் தடை தோன்றவில்லை. கற்படுக்கை துறவறத்தாருக்கு உரியது. பொய்கையோ இல்லறத்தாராகிய நமக்கும் உரியது.

ஆயினும் இல்லறத்தாரின் மகிழ்ச்சிக்கும் ஓர் அளவுகோல் உண்டு. அணுவிரதங்களுள் கொல்லாமை முதலாவது. மிகுபொருள் விரும்பாமை ஐந்தாவது. நம் மகிழ்ச்சி பிறிதோர் உயிருக்குத் துன்பம் தருதல் கூடாது. பொருளைக் குவித்துப் பெறுவதாகவும் இருத்தல் கூடாது. இவ்விரண்டு வரம்புக்குள்ளும் நின்று பெறும் இன்பமே எளிய இன்பம். இன்று நான் கூறவிருப்பவை யாவும் இவ்வரம்புக்குள் அடங்குவன.

முதலாவது நூல் வாசிப்பு. கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கம் உணவைப் பற்றியது என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வழக்கம் நமக்கு மற்றொரு செல்வத்தையும் தருகின்றது. உணவு முடிந்து, பாத்திரம் கழுவி, விளக்கேற்றிய பின்னர் உறங்கும் வரை முழுதாக இரண்டு மணி நேரம் எஞ்சுகின்றது. பிற வீடுகளில் அடுப்படியில் கழியும் பொழுது நமக்குக் கையில் கிடைக்கின்றது. அந்நேரத்தை இப்போது தொலைக்காட்சியும் கைபேசியும் பங்கிட்டுக்கொண்டுவிட்டன. அதில் அரைமணியை மீட்டால் போதும். குழந்தை ஒரு நாலடியார்ப் பாடலை வாசிக்கட்டும். தாத்தா பதம் பிரித்துச் சொல்லட்டும். அம்மாவோ அப்பாவோ அன்றைய வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறட்டும். நாலடியாரில் உள்ளவை 400 பாடல்கள். நாளுக்கு ஒன்றாக வாசித்தால் ஓராண்டும் ஒரு மாதமும் சற்று மிகுதியும் ஆகும். சிறுவர்க்கு அதனினும் எளிது வேண்டுமாயின், இல்லறத்தார் ஒழுக்கத்தைக் குறள் வெண்பாக்களில் கூறும் அருங்கலச்செப்பு இருக்கின்றது.

இஃது நமக்குப் புதிய பழக்கம் அன்று. உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். அந்நூலின் சமயக் கருத்துகளில் அவருக்கு ஐயம் எழுந்தபோது, கும்பகோணத்துச் சமண அன்பர்களை நாடிச் சென்று தெளிவு பெற்றார். அவர்கள் அந்நூலை இல்லத்தில் போற்றி வாசித்து வந்தமையால் அவருக்கு விடை கூற முடிந்தது. ஒரு பெருங்காப்பியத்தின் பொருள் வீடுகளில் உயிரோடு இருந்ததற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதே சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில், இளவேனில் வருகின்றது. நகர மாந்தர் சோலைக்குச் சென்று பூக்கொய்தும் நீராடியும் மகிழ்கின்றனர். குணமாலையும் சுரமஞ்சரியும் தத்தம் நறுஞ்சுண்ணமே சிறந்தது என்று வாதிடுகின்றனர். சீவகன் இரண்டையும் வானில் தூவ, வண்டுகள் குணமாலையின் சுண்ணத்தையே நாடுகின்றன. இவ்வளவு கொண்டாட்டத்திற்கு நடுவே ஒரு துயரம் நிகழ்கின்றது. உணவைத் தீண்டிவிட்டது என்பதற்காக ஒரு நாயைச் சிலர் அடித்து வீழ்த்துகின்றனர். ஊரெல்லாம் விளையாட்டில் மூழ்கியிருக்க, சீவகன் அந்நாயின் அருகில் சென்று அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகின்றான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனின் இடுக்கண் தீர்க்க வருகின்றது.

திருத்தக்கதேவர் அந்த வேனில் விழாவைப் பழிக்கவில்லை. சீவகனை விழாவிலிருந்து விலக்கவும் இல்லை. மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே அடிபட்ட உயிரின் குரல் காதில் விழ வேண்டும் என்பதையே காட்டுகின்றார். நம் குழந்தைகளுக்கு இப்பருவத்தில் சொல்லத்தக்க கதை இதனினும் வேறில்லை. ஒரு மாலைப் பொழுதில் சொல்லி முடித்துவிடலாம்.

இரண்டாவது கைவினை. மாசி, பங்குனியில் புளி உலுக்கி, உடைத்து, கொட்டை நீக்குவது நம் ஊர்களில் வழக்கம். அக்கொட்டைகளைக் கழுவி உலர்த்தினால் பல்லாங்குழிக்கு ஆகும். ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயம் ஆடலாம். காய்ந்து விழுந்த பனையோலையைக் கீறி, நடுவில் முள் செருகினால் காற்றாடி. இலவம்பஞ்சைக் கொட்டை நீக்கித் தூய்மை செய்து அடைத்தால், குழந்தை தன் கையால் செய்த தலையணை. அதில் படுத்துறங்கும் குழந்தையின் பெருமிதத்தைக் கடையில் வாங்கிய எதுவும் தராது.

விளையாட்டுக்கென்று மரத்திலிருந்து பறிக்காமல், உதிர்ந்ததை மட்டும் எடுப்பது என்று வீட்டில் ஒரு விதி வகுத்துக்கொள்ளலாம். வேப்பமரத்தடியில் இரவே துணியை விரித்து வைத்தால் விடியலில் பூ தானே உதிர்ந்து கிடக்கும். எறும்பும் சிறுபூச்சியும் நகர்ந்து செல்லும் வரை காத்திருந்து, பிறகு உலர்த்த வேண்டும். அந்தக் காத்திருப்பே குழந்தைக்குக் கொல்லாமைப் பாடம். வாசலில் பச்சரிசி மாவால் கோலமிட்டால் எறும்புக்கும் உணவாகும். மாடியில் வடகம் பிழியும்போது, காகத்தை விரட்டக் குழந்தையைக் காவல் வைப்பதோடு, காகத்திற்கும் அணிலுக்கும் ஒரு பங்கைத் தனியே வைக்கச் சொல்லலாம்.

வெயில் ஏறும் நாட்களில் பறவைகளுக்குக் கொட்டாங்கச்சியிலோ மண்சட்டியிலோ நீர் வைப்பது நற்செயல். நீரை வடிகட்டி ஊற்றுக. நாள்தோறும் மாற்றுக. இரண்டு மூன்று நாள் தேங்கவிட்டால் அதில் புழு உண்டாகும். பின்னர் அந்நீரைக் கொட்டும்போது அவ்வுயிர்கள் மாளும். ஈகையிலும் விழிப்பு வேண்டும் என்பதை ஒரு சட்டி நீர் கற்பித்துவிடும்.

மூன்றாவது வெளியிடம் செல்லுதல். நம்மில் பலர் பிழைப்பின் பொருட்டு வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளை விட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் குடியேறியிருக்கின்றோம். ஆண்டுக்கொரு முறை தொலைதூரச் சுற்றுலா செல்கின்றோம். ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய இடங்களைக் குழந்தைகளுக்குக் காட்டாமலே விட்டுவிடுகின்றோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்திற்குச் செல்லுங்கள். திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்து விதானத்தில் ரிஷபநாதர், நேமிநாதர், மகாவீரர் ஆகியோரின் வரலாறுகள் ஓவியங்களாக உள்ளன. தரையில் அமர்ந்து அண்ணாந்து பார்த்து, கதையைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். அக்கோயில் வளாகத்தில் உள்ள குராமரத்தையும் வணங்கி வாருங்கள். இளவேனிலைப் பாடிய பழந்தமிழ்ப் புலவர்கள் மறவாது குறிப்பிட்ட மலர்களுள் குராவும் ஒன்று.

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் செதுக்கப்பட்டுள்ளனர். சிறுவர்களை எண்ணச் சொல்லுங்கள். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாட்கள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் பழங்கல்வெட்டும் அங்கு உண்டு. போளூரை அடுத்த திருமலையில் சுமார் 16 அடி உயர நேமிநாதர் திருவுருவம் பாறையிலேயே அமைந்துள்ளது. ஏழு வயதுக் குழந்தை அதன் திருவடியில் நின்று மேலே நோக்கும் காட்சியை நீங்கள் ஒருமுறையேனும் காண வேண்டும். சித்திரை வெயிலில் பாறை சுடும். பங்குனிக் காலையே மலையேற உகந்தது.

கோயில் அல்லாத ஓரிடமும் சொல்கின்றேன். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலில் கார்த்திகை முதல் பங்குனி வரை நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கின்றன. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அப்பறவைகளைக் காத்து வந்துள்ளனர். எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாகின்றது. கொல்லாமை விளைச்சலையும் தரும் என்பதற்கு அவ்வேரி கண்கண்ட சான்று. அங்கு சென்றால் உரக்கப் பேசாமல், ஒரு மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து பார்த்து வாருங்கள்.

பெற்றோர்களே, இறுதியாக ஒரு கணக்கு. குழந்தைக்கு விவரம் தெரியத் தொடங்குவது ஏறத்தாழ ஆறு வயதில். பதினேழு வயது முடிந்ததும் கல்லூரி, வேலை என்று பிள்ளைகள் வீட்டை விட்டுச் செல்கின்றனர். ஆறு முதல் பதினேழு வரை எண்ணினால் 12 இளவேனில்கள். அவற்றுள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் இரண்டை எடுத்துக்கொள்கின்றன. எஞ்சியவை 10. இங்கே அமர்ந்திருக்கும் குடும்பங்கள் சிலவற்றிற்கு இன்னும் மூன்றோ நான்கோதான் மீதம் இருக்கும்.

பாட்டி, தாத்தாவின் பக்கத்திலிருந்து எண்ணினால் அந்தக் கணக்கு இன்னும் சிறியது. தாலாட்டும், நோன்பு முறைகளும், நூலை இசையோடு ஓதும் முறையும், எந்த மரம் எப்போது பூக்கும் என்னும் அறிவும் அவர்களிடம் இருக்கின்றன. அவற்றுள் பல எந்த நூலிலும் எழுதப்படவில்லை. கேட்பதற்குப் பேரக்குழந்தை அருகில் அமர்ந்தால் மட்டுமே அவை வாய்விட்டு வெளிவரும். கேட்பவர் இல்லையேல் அவர்களோடு அவையும் சென்றுவிடும். கோயில் சுவர் விரிசல் விட்டால் நிதி திரட்டி எழுப்பிவிடலாம். இந்த இழப்பிற்கு எவ்வளவு நிதி திரட்டினாலும் ஈடாகாது.

ஆதலின், இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். இன்று மாலை உணவுக்குப் பின் கைபேசிகளை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு பாடலை அனைவரும் சேர்ந்து வாசியுங்கள். நாளைக் காலை பறவைக்கு ஒரு சட்டி நீரைக் குழந்தையின் கையால் வைக்கச் செய்யுங்கள். வெயில் கடுமையாகும் முன்னர், வரும் ஞாயிறன்று, பாட்டியையும் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு மேற்கூறிய ஊர்களுள் ஒன்றுக்குச் சென்று வாருங்கள். கட்டுச்சோறு போதும். கதிரவன் மறையுமுன் திரும்பிவிடலாம்.

 எல்லா உயிரும் இன்புற்று வாழ்க. ஜெய ஜினேந்திரா.