எத்தனை வீடு, எந்த இடத்தில், யாருக்கு?



வீட்டுவசதி பற்றிப் பேசும்போது பட்ஜெட், மானியம், எத்தனை ஆயிரம் குடியிருப்புகள் என்ற கணக்கோடு நிறுத்திவிடுகிறோம். அந்த வீடுகள் எந்த இடத்தில், யாருக்காக என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டுபோன ஒரு போராட்டம் அமெரிக்காவில் நடந்தது. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்த மண்ணில் பிறந்த நாம் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்று ஒரு புறநகர். ஆற்றுக்கு அக்கரையில் பிலடெல்பியா பெருநகரம். 1950-இல் 3,000 பேர்கூட இல்லாத விவசாய ஊர், 1970-இல் 11,000 பேரைத் தாண்டிவிட்டது. தோட்டம் வைத்த தனி வீடுகளில் வசதியுள்ள வெள்ளையர்கள் குடியேறினார்கள். அதே ஊரில் ஸ்பிரிங்வில் என்ற பகுதியில் கருப்பின மக்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வந்தார்கள். ஒழுகும் குடிசைகளிலும், கோழிக் கொட்டகையை மாற்றி அமைத்த அறைகளிலும் குடும்பங்கள் இருந்தன. பாழடைந்த வீட்டைச் சீர்செய்ய ஊர் நிர்வாகம் உதவவில்லை. காலியானதும் இடித்துத் தள்ளியது. போக்கிடம் இல்லாதவர்கள் ஊரைவிட்டே போனார்கள்.

எத்தல் லாரன்ஸ் என்ற கருப்பினப் பெண்ணும் அவரோடு நின்றவர்களும் 36 எளிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் கட்ட அனுமதி கேட்டார்கள். மறுக்கப்பட்டது. 1970-இல் அந்த மக்களின் தேவாலயத்திலேயே வந்து நின்று, இங்கே வாழ வசதியில்லாதவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்ற பொருளில் ஊரின் மேயர் பேசினார்.

இதில் கவனிக்க வேண்டியது சட்டத்தின் மொழி. கருப்பினத்தவர் வரக்கூடாது என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. எழுதவும் முடியாது. இனத்தின் பெயரால் நிலத்தைப் பிரிக்கும் நகரச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இலேயே ரத்து செய்துவிட்டது. ஆகவே விதி வேறு மொழியில் பேசியது. தனி வீடு மட்டும்தான் கட்டலாம். மனையின் அளவு இதற்குக் குறையக்கூடாது. அடுக்குமாடி கூடாது. ஊர் நிலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி காலியாகவே கிடந்தது. சில குடியிருப்புத் திட்டங்களில், பள்ளி செல்லும் குழந்தைகள் ஒரு வீட்டுக்குச் சராசரியாக 0.3-க்கு மேல் போனால் அந்தக் கூடுதல் குழந்தைகளின் படிப்புச் செலவைக் கட்டுமானக்காரரே ஏற்க வேண்டும் என்றுகூட நிபந்தனை இருந்தது.

ஏன் இப்படி? அங்கே பள்ளிகள் பெரிதும் உள்ளூர்ச் சொத்து வரியில்தான் நடக்கின்றன. தொழிற்சாலை வரி கட்டும். பள்ளிக்குப் பிள்ளை அனுப்பாது. ஏழைக் குடும்பம் வந்தால் வரி குறைவு, பிள்ளைகள் அதிகம். ஒவ்வொரு ஊரும் இப்படிக் கணக்குப் போட்டுக் கதவைச் சாத்தினால், ஏழைகளும் கருப்பினத்தவரும் நலிந்துபோன நகரங்களுக்குள்ளேயே அடைபடுவார்கள். அதுதான் நடந்தது.

1971-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1975-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிலத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் பொதுநலனுக்காகத் தரப்பட்டது. பொதுநலன் என்பது ஊர் எல்லைக்குள் ஏற்கெனவே இருப்பவர்களின் நலன் மட்டுமல்ல. வளர்ந்துவரும் ஒவ்வொரு ஊரும் தன் வட்டாரத்தின் ஏழைகளுக்கான வீட்டுத் தேவையில் தன் நியாயமான பங்கை ஏற்க இடம் கொடுக்க வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வந்தது, வீடு வரவில்லை. ஊர் நிர்வாகம் ஏதோ 20 ஏக்கரை ஒதுக்கிக் கணக்குக் காட்டியது. மீண்டும் வழக்கு. 1983-இல் நீதிமன்றம் கடுமையானது. பங்கு என்றால் எண்ணாகச் சொல். சொன்னபடி செய்யாத ஊரில், ஏழைகளுக்குக் கணிசமான வீடுகளைச் சேர்த்துக் கட்ட முன்வரும் கட்டுமானக்காரருக்கு நீதிமன்றமே வழி திறந்துவிடும் என்றது. இலக்குக்குப் பல் முளைத்தது அப்போதுதான்.

உடனே பல்லைப் பிடுங்கும் வேலையும் தொடங்கியது. 1985-இல் வந்த மாநிலச் சட்டம் ஒரு சந்தைக் கடவைத் திறந்தது. பணக்காரப் புறநகர், தன் பங்கில் பாதி வரை ஏழை நகரம் ஒன்றுக்குப் பணம் கொடுத்துத் தள்ளிவிடலாம். காசு தருகிறேன், உங்கள் ஆட்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் பொருள். 2008-இல்தான் அந்த வழி அடைக்கப்பட்டது.

எத்தல் லாரன்ஸ் 1994-இல் இறந்தார். அவர் பெயரிலான குடியிருப்பில் முதல் குடும்பங்கள் குடியேறியது 2000-இன் இறுதியில். வழக்குத் தொடுத்து ஏறக்குறைய 30 ஆண்டுகள். ஏழைகள் வந்தால் குற்றம் பெருகும், மனை விலை சரியும், வரி ஏறும் என்று அதுவரை பயமுறுத்தியிருந்தார்கள். சமூகவியலாளர் டக்ளஸ் மாஸி குழுவினர் ஆய்வு செய்து 2013-இல் நூலாக வெளியிட்டார்கள். குடியிருப்பால் குற்றம் கூடவில்லை, விலை சரியவில்லை, வரி ஏறவில்லை. அங்கே குடிவந்தவர்களின் வாழ்க்கைதான் மேம்பட்டிருந்தது.

இந்த வெற்றியில் ஓர் ஓட்டையும் உண்டு. நீதிமன்றம் வருமானத்தை அளந்ததே தவிர இனத்தை அளக்கவில்லை. போராட்டத்தைத் தொடங்கியவர்கள் கருப்பினத்தவர். தீர்ப்பின் கணக்கில் இருந்தவர்கள் குறைந்த வருமானத்தினர். இரண்டும் ஒன்றல்ல. ஏழை வெள்ளையருக்குக் கதவு திறப்பதோடு ஓர் ஊர் தன் இலக்கை முடித்துக்கொள்ள முடியும். பொருளாதார அளவுகோல் ஒன்றே போதும் என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு இந்த அனுபவத்தைக் காட்டுங்கள்.

நம் ஊரில் 1997-இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் திட்டம், 100 வீடுகளில் 40 பட்டியல் சாதியினருக்கு என்று வெளிப்படையாக எழுதியது. குறைகள் இருக்கலாம், யாருக்கு என்ற கேள்வியை அது மறைக்கவில்லை. இன்னொரு பக்கம், சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்களுக்குக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வீடு கொடுத்தார்கள். வீடுகளின் எண்ணிக்கை கூடியது. வேலையும் பள்ளியும் பல மைல் பின்னால் நின்றுவிட்டன. இலக்கை எட்டியதாக அறிக்கை எழுதலாம். சேரி இன்னும் தூரமாய்ப் போனது என்றும் எழுதலாம்.

ஆகவே இளைஞர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் ஊராட்சியில், நகராட்சியில் முழுமைத் திட்ட வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது போய் உட்காருங்கள். எத்தனை வீடு என்று சொன்னதும் கைதட்டிவிடாதீர்கள். எந்த இடத்தில், யாருக்கு, எந்த ஆண்டுக்குள், செய்யாவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஜெய்பீம்.