பிந்திய வீட்டுவரியும் தண்டப்பணமும்



சில வருடங்களுக்கு முன்பு எங்கள் வீட்டுக் கடன் கட்டி முடிந்தது. அன்றைக்கு வீட்டில் பாயாசம் வைத்துக் கொண்டாடினோம். அடுத்த வருடம் நகரசபையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டுவரியை வங்கிதானே கட்டுகிறது என்று நினைத்து, உடைக்காமலே லாச்சிக்குள் போட்டுவிட்டேன். கடன் முடிந்தால் வங்கி வரி கட்டுவதும் முடிந்துவிடும் என்பது, ஊராருக்குக் கணக்குப் பார்க்கும் எனக்கு உறைக்கவில்லை. மூன்று தவணை தவறிய பிறகே விளங்கியது.

ஊரில் சோலைவரி பிந்தினால் பெரிதாக யோசிக்கமாட்டோம். ரொறன்ரோவில் கணக்கு வேறு. தவணை தவறிய முதல் நாளே 1.25 வீதம் தண்டம். பிறகு ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி 1.25 வீதம் வட்டி. 1,200 டொலர் தவணைக்கு ஒவ்வொரு முறையும் 15 டொலர். ஜூலை தொடக்கத்தில் கட்டவேண்டியதை ஆகஸ்ட் 5ஆம் திகதி கட்டினால், பிந்தியது ஒரு மாதம்தான். ஆனால் இரண்டு முறை ஏறி 30 டொலர் ஆகிவிடும்.

"கேட்டால் தண்டத்தைக் கழிப்பார்களா?" என்று பலர் கேட்கிறார்கள். நானும் கேட்டுப் பார்த்தேன். கருமபீடத்தில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இல்லை. பில் கிடைக்கவில்லை என்பதும் காரணமாகாது. 2020 மார்ச்சில் கொவிட் வந்தபோது நகரசபை எல்லோருக்கும் 60 நாள் அவகாசம் கொடுத்தது உண்மை. அது பொதுவான அறிவிப்பு. தனித்தனியாகக் கேட்டு வாங்கியது அல்ல.

ஆனபடியால், முழுத்தொகை சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மேலே சொன்ன 1,230 டொலரில் 200 டொலர் கட்டினால், முதலில் 30 டொலர் தண்டமும் வட்டியும் கழியும். மிச்சம் 170 வரியைக் குறைக்கும். அடுத்த வட்டி 1,030 டொலருக்குத்தான்.

நிவாரணம் தண்டத்துக்கு இல்லாவிட்டாலும் வரிக்கு உண்டு. நோயினாலோ கடும் வறுமையினாலோ வரி கட்ட முடியாதவர்கள், அந்த வரியைக் குறைக்கும்படி அல்லது நீக்கும்படி அடுத்த வருடம் பெப்ரவரி 28ஆம் திகதிக்குள் விண்ணப்பிக்கலாம். வருமானம் குறைந்த 65 வயதைக் கடந்தவர்களுக்கும், வலுக்குறைந்தவர்களுக்கும் வரி அதிகரிப்பை ஒத்திவைக்கும் அல்லது நீக்கும் திட்டங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் வேண்டும், தானாக வராது.

வீடு மாறியவர்கள் வங்கிக் கணக்கில் பழைய வீட்டின் வரி இலக்கத்தை மாற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உங்கள் காசு பழைய வீட்டுக் கணக்குக்குப் போகும்.

வேலை போனவர்கள் வெட்கத்தினால் கடிதங்களை உடைக்காமல் வைத்திருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒன்ராறியோவில் வரி நிலுவை வருடக்கணக்கில் நீண்டால், சட்டப்படி வீட்டையே விற்பனைக்குக் கொண்டுவர முடியும். நான் லாச்சிக்குள் போட்ட கடிதத்துக்குத் தண்டத்தோடு தப்பினேன். உங்கள் வீட்டு லாச்சியை இன்றிரவே ஒருக்கால் திறந்து பாருங்கள்.