தை வெயிலை நம்பித் தளிர்த்த மரங்கள்

(பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று நம்ம பெரியவங்க சொல்லி வைத்திருக்காங்க. பனி கெடுதல் செய்யும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் பனியைவிடப் பொல்லாத ஒன்று இருக்கிறது. அது என்ன தெரியுமா? இரண்டு கடுங்குளிருக்கு நடுவிலே வருகிற இதமான வெயில்!

வெயில் எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்பீங்க. அதற்கு ஒரு ஊருடைய கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஃபுளோரிடா என்ற மாநிலம். அதன் நடுவில் ஆர்லாண்டோ என்ற ஊர். இன்றைக்கு அது உல்லாசப் பயணிகள் கூடுகிற பெரிய நகரம். 1894-ல் அது ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவில் இருந்த சின்ன ஊர். அங்கே விளைந்தது நம்ம சாத்துக்குடியின் இனத்தைச் சேர்ந்த இனிப்பு ஆரஞ்சு. தோப்பு வைத்திருந்தால் பணக்காரன் என்று பேர். வடக்கேயிருந்து எத்தனையோ பேர் இருந்ததை விற்று வந்து, கடனும் வாங்கி, தோப்புப் போட்டார்கள்.

அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒரு அடையாளம் சொல்கிறேன். பூமத்திய ரேகையிலிருந்து நம்ம டெல்லி எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில்தான் ஆர்லாண்டோவும் இருக்கிறது. ஆனால் டெல்லிக்கு வடக்கே இமயமலை மதில் மாதிரி நிற்கிறது. வடதுருவத்துக் குளிர்காற்று நேரே இறங்காமல் அது தடுத்து விடுகிறது. அமெரிக்காவில் அப்படிக் குறுக்கே ஒரு மலை கிடையாது. கனடாவிலிருந்து தெற்குக் கடல்வரை வெட்டவெளிச் சமவெளி. எப்போதாவது ஒரு வருஷம் அங்கேயிருந்து குளிர்காற்று புறப்பட்டால், தடுக்க ஆளில்லாமல் ஃபுளோரிடாவுக்கே வந்து விடும். 1835-லும் 1886-லும் அப்படி வந்து தோப்புகளை அடித்திருக்கிறது. ஆனால் கொஞ்ச வருஷம் நல்லபடியாகப் போனால் பழையது மறந்து போகும் அல்லவா?

1894 டிசம்பர் கடைசி. நம்ம கணக்கில் மார்கழி நடு. ஆர்லாண்டோவில் குளிர் 18 டிகிரி பாரன்ஹீட்டுக்கு இறங்கியது. தண்ணீர் உறைகிற அளவுக்குக் கீழே இன்னும் எட்டு டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்ச் சரித்திரத்தில் அதற்குக் கீழே குளிர் இன்றுவரை பதிவாகவில்லை. மரத்தில் இருந்த காய் அத்தனையும் உறைந்து வீணாகி விட்டது. இலை கருகிக் கொட்டி விட்டது.

ஆனால் மரம் சாகவில்லை! இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஏன் சாகவில்லை? ஆரஞ்சு மரம் குளிர்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்வுக்குப் போகும். புதுத் தளிர் விடாது. சாறு ஓட்டம் மந்தமாகும். பட்டை கெட்டிப்படும். அப்படித் தூங்குகிற மரம் ஓரளவு குளிரைத் தாங்கிக்கொள்ளும். 'காய் போனால் போகட்டும், மரம் பிழைத்ததே' என்று தோப்புக்காரர்கள் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு 1895 ஜனவரியில் குளிர் இளகி விட்டது. இதமான வெயில் அடித்தது. மரத்துக்கு என்ன தெரியும்? வசந்தகாலம் வந்து விட்டதென்று நினைத்துக்கொண்டது. வேர் தண்ணீரை இழுத்தது. பட்டைக்கு அடியில் சாறு ஓடியது. மொட்டை மரத்தில் குப்பென்று இளந்தளிர் கிளம்பியது. பார்த்தவர்களுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பிப்ரவரி 7, 8, 9 தேதிகளில், அதாவது தை மாதக் கடைசியில், இரண்டாவது குளிர் வந்தது. தெற்கே வெகுதூரத்தில் கடலோரம் இருக்கிற வெஸ்ட் பாம் பீச் ஊரிலேயே 27 டிகிரி பாரன்ஹீட். உறைநிலை 32 டிகிரி. இந்த முறை மரம் தூங்கவில்லை, முழித்துக்கொண்டிருந்தது. உடம்பு பூராவும் சாறு. அது உறைந்ததும் பட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்து போயிற்று. எவ்வளவோ வருஷத்துப் பெரிய மரங்கள் தரைமட்டம் வரை செத்தன.

நஷ்டம் எவ்வளவு என்கிறீர்களா? முந்தைய வருஷம் ஐம்பது லட்சம் பெட்டி அளவுக்கு விளைந்த மாநிலத்தில், அந்தக் குளிருக்குப் பிறகு வந்த பருவத்தில் இரண்டு லட்சம் பெட்டிகூட இல்லை. ஏக்கர் ஆயிரம் டாலர் விலைபோன தோப்பு பத்து டாலருக்கு வந்ததாகச் சொல்வார்கள். கடன் கொடுத்த வங்கிகள் மூடின. பல குடும்பங்கள் ஊரை விட்டே போய் விட்டன. பழைய விளைச்சல் திரும்ப ஏறக்குறைய 15 வருஷம் ஆயிற்று.

இங்கே ஒரு கேள்வி. எல்லோரும் போய் விட்டார்களா? இல்லை. இருந்தவர்களும் உண்டு. அவர்கள் செய்ததைப் பாருங்கள். காய்கறி போட்டுக் கைச்செலவுக்கு வழி தேடினார்கள். மரம் செத்தாலும் மண்ணுக்குள் வேர் உயிரோடு இருந்தது. அதிலிருந்து கிளம்பிய துளிரை வளர்த்து, அதிலே நல்ல ரகத்து மொட்டை ஒட்டுக்கட்டி, மறுபடி தோப்பாக்கினார்கள். இன்னும் சிலர் தெற்கே போய் மேட்டு நிலமாகப் பார்த்து நட்டார்கள்.

மேட்டு நிலம் எதற்கு? காற்றில்லாமல் வானம் வெளுத்துக் கிடக்கிற இரவில், தரையிலுள்ள சூடு மேலே போய் விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீர் மாதிரி சரிவில் ஓடிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் பள்ளத்துச் செடி கருகும், மேட்டுச் செடி தப்பிக்கும். பெரிய ஏரிக்குத் தெற்குக் கரையில் உள்ள தோப்புக்கும் சேதம் குறைவு. ஏரித் தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வடகாற்று வருவதுதான் காரணம்.

அங்கத்திய விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடங்கள் சில உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, குளிர் வருகிற நேரத்தில் மரத்தை முழிக்க வைக்காதே. குளிர்காலத்துக்கு முன்னால் கவாத்து செய்வதும் தழைச்சத்தை அள்ளிப் போடுவதும் இளந்தளிரைக் கிளப்பும். இளந்தளிர்தான் குளிருக்கு முதல் பலி.

இரண்டாவது, மண் அணைப்பு. இளங்கன்றுகளுக்குக் குளிர் தொடங்கும் முன்பே அடிமரத்தைச் சுற்றி, ஒட்டுக்கட்டிய இடம் நன்றாக மூடும்படி மண்ணைக் குவிப்பார்கள். மேலே உள்ளது செத்தாலும் மண்ணுக்குள் இருக்கிற நல்ல ரகம் பிழைத்துத் துளிர்க்கும். குளிர் போனதும் மறக்காமல் மண்ணை எடுத்து விட வேண்டும். இல்லாவிட்டால் பட்டை அழுகும்.

மூன்றாவது, ஈரமான, களையில்லாத தரை. காய்ந்த மண்ணைவிட ஈர மண் பகலில் அதிகச் சூட்டை வாங்கி வைத்து இரவில் வெளியே விடும். புல்லும் களையும் மூடியிருந்தால் வெயில் மண்ணில் படாது.

நான்காவது, தண்ணீர் தெளிப்பு. இது விநோதமாகத் தோன்றும். தண்ணீர் உறையும்போது சூட்டை வெளியிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் உறைந்தால், 80 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்குகிற அளவுக்கு வெப்பம் வரும். அதனால் சின்னத் தெளிப்பான்களை வைத்து அடிமரத்தில் விடாமல் தெளிக்கிறார்கள். ஆனால் பாதியில் நிறுத்தினால் மோசம். தண்ணீர் ஆவியாகிப் போகும்போது, உறைகையில் கொடுத்ததைப்போல ஏழு மடங்குச் சூட்டைச் செடியிலிருந்து பறித்துக்கொண்டு போகும். தெளிக்க ஆரம்பித்தால் வெயில் ஏறிப் பனிக்கட்டி உருகும்வரை தெளிக்க வேண்டும். முடியாதென்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

இதிலும் ஒரு அளவு வேண்டும். 2010 ஜனவரியில் ஆர்லாண்டோவுக்கு மேற்கே பிளான்ட் சிட்டி என்ற ஊரில் பத்து நாளுக்கு மேல் குளிர் நீடித்தது. ஸ்ட்ராபெரி பயிரைக் காப்பாற்ற எல்லோரும் ஒரே சமயத்தில் பம்பு செட்டை ஓட்டினார்கள். பயிர் பிழைத்தது. ஆனால் நிலத்தடி நீர் மளமளவென்று இறங்கி, அக்கம்பக்கத்து வீட்டுக் கிணறுகள் நூற்றுக்கணக்கில் வற்றின. நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் தரை உள்வாங்கிக் குழி விழுந்தது. என் பயிருக்கு நான் இறைக்கிற தண்ணீர் பக்கத்து வீட்டுக் குடிதண்ணீர் என்பதை மறக்கலாமா?

ஐந்தாவது பாடம்தான் ரொம்ப முக்கியம். குளிர் அடித்த மறுநாளே வெட்டுக்கத்தியை எடுக்காதே. எது செத்தது, எது பிழைத்தது என்று மரமே சொல்ல மூன்று நான்கு மாதம் ஆகும். புதுத் தளிர் எதுவரை வருகிறதோ பார்த்து, அதற்கு மேலே உள்ள காய்ந்த கிளையை வெட்டு. அதுவரை இலையில்லாத அடிமரத்தை வெயில் சுடாமல் இருக்கச் சுண்ணாம்பு பூசு. இலையே இல்லாத மரத்துக்கு முழு உரமும் முழுத் தண்ணீரும் வேண்டாம்.

இவ்வளவு தெரிந்த பிறகாவது தப்பித்தார்களா என்றால், முழுசாக இல்லை. 1983 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு பெருங்குளிர் அடித்தது. அதில் அடிபட்டு மெல்லத் தேறிக்கொண்டிருந்த மரங்களை 1985 ஜனவரியில் இன்னொன்று வந்து முடித்தது. 1989 டிசம்பரில் மூன்றாவது அடி. ஆர்லாண்டோ பக்கத்திலே கிளெர்மாண்ட் என்ற ஊரில், சுற்றிலும் உள்ள ஆரஞ்சுத் தோப்புகளைப் பார்க்கவென்றே 1956-ல் ஒரு கோபுரம் கட்டினார்கள். இன்றைக்கு அதில் ஏறிப் பார்த்தால் தெரிவது பெரும்பாலும் வீடுகள்தான். ஆரஞ்சு இன்னும் தெற்கே போய் விட்டது. அங்கேயும் இப்போது பெரிய எதிரி குளிர் அல்ல. 2005-ல் தோப்புகளில் கண்டுபிடிக்கப்பட்ட, பூச்சியால் பரவுகிற பசுமை நோய்.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்பீங்க. நம்ம நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உறைபனி விழுகிறது. தேயிலையும் காய்கறியும் ஒரே இரவில் கருகுவதை அங்குள்ளவர்கள் பார்த்திருக்கிறார்கள். காலையில் வெயில் ஏறும் முன்பே தண்ணீர் தெளிப்பதும், இளஞ்செடிகளைத் தழை போட்டு மூடுவதும் அவர்களுக்குப் புதிதில்லை. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாலு நாள் வெயில் அடித்ததை வைத்துப் பனி போயிற்று என்று மூடாக்கை எடுத்து விடாதீர்கள். பள்ளத்தில் இருக்கிற பாத்தியை முதலில் மூடுங்கள். வானொலியில் வானிலை அறிக்கையைத் தவறாமல் கேளுங்கள்.

சமவெளியில் இருக்கிற உங்களுக்கும் ஒரு சேதி உண்டு. 1895-ல் ஊரை விட்டுப் போனவர்கள் ஆரஞ்சு ஒன்றையே நம்பி, அதன்மேல் கடனும் வாங்கியிருந்தவர்கள். தாக்குப் பிடித்தவர்கள் பக்கத்திலே இன்னொரு பயிரும் போட்டு, கொஞ்சம் பொறுமையும் வைத்திருந்தவர்கள். பனியோ, புயலோ, வறட்சியோ, எது வந்தாலும் இது பொருந்தும். ஒரே பயிரில் முழு முதலையும் போட்டு விடாதீர்கள். அடிபட்ட மரத்தை அவசரப்பட்டு வெட்டி விடாதீர்கள். வேரில் உயிர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.