துப்பாக்கிச் சத்தமும் காதுக் காவலும்



கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சித் திடலின் அந்த மண்மேடு நினைவிருக்கும். வரிசையாகக் குப்புறப் படுத்து, பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் சுடுவோம். காதுக்கு என்று எங்களிடம் இருந்தது, வீட்டிலிருந்து கொண்டுபோன கொஞ்சம் பஞ்சு. அன்று மாலை முழுக்க என் இடது காதில் வண்டு சுற்றுவதுபோல் ஒரு ரீங்காரம். காலையில் போய்விட்டது. போனதும் நானும் மறந்துவிட்டேன்.

அப்படி மறந்திருக்கக் கூடாது. நம் உள்காதில், நத்தை ஓடு போன்ற எலும்புக்குள், ஏறக்குறைய 15,000 மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குச் சொல்பவை அவைதான். செத்த மயிரணு மறுபடி முளைப்பதில்லை. முதலில் பழுதாகிறவை கீச்சொலிகளைப் பிடிக்கும் அணுக்கள். ஆகவே சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. பேரன் ‘பத்து’ என்றானா ‘பட்டு’ என்றானா என்று தடுமாறுவோம். வலது தோளில் துப்பாக்கிக் கட்டையை வைத்துச் சுடுகிறவருக்குப் பெரும்பாலும் இடது காதே முன்னதாகக் கெடும். குழல்வாய்க்கு அந்தக் காதுதான் பக்கம். வலது காதைத் தலை மறைத்துக்கொள்கிறது.

எவ்வளவு சத்தம் அது? தீபாவளி வெடிக்கு நம் அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பு, நான்கு மீட்டர் தள்ளி அளந்தால் 145 டெசிபல். பாயிண்ட் டூ டூ ரைஃபிள், சுடுபவர் காதருகே 140 டெசிபலை ஒட்டி வரும். 12 போர் துப்பாக்கி 150-ஐத் தாண்டும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. வெடியைக் கொளுத்திவிட்டு ஓடி வந்து நிற்கிறோம். துப்பாக்கியையோ கன்னத்தோடு அணைத்துக்கொள்கிறோம். பெரியவர்கள் காதுக்கு உச்சமாக 140, குழந்தைகள் காதுக்கு 120 என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை சொல்லியிருக்கிறது.

ஒரு முறை சுட்டாலே இவ்வளவு சத்தம் என்றால், துப்பாக்கி சுடும் வீரர் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட, வானில் வீசப்படும் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதிச் சுற்றில் மட்டும் 125 களிமண் தட்டுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை சுடலாம். அந்தப் போட்டிக்குத் தயாராக ஒருவர் சுட்டுத் தீர்க்கும் தோட்டாக்களை எண்ணிப் பாருங்கள்.

காதுக் காவலுக்குக் கடையில் இரண்டு வகை கிடைக்கும். காதுக்குள் செருகும் இயர் பிளக். காதை மூடும் இயர் மஃப். எத்தனை டெசிபல் குறைக்கும் என்று பெட்டியில் ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். நுரை பிளக்கில் 33 வரைகூட இருக்கும். அந்த எண், ஆய்வகத்தில் பக்குவமாகப் பொருத்திப் பார்த்தது. நாம் அவசரத்தில் செருகும்போது அவ்வளவு கிடைக்காது. நுரை பிளக் என்றால் அந்த எண்ணில் பாதியைக் கழித்துக்கொள், மஃப் என்றால் கால் பங்கைக் கழி என்று அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனமே 1998-இல் சொல்லியிருந்தது. ஆகவே எண்ணைவிடப் பொருத்தம் பெரிது என்பேன்.

நுரை பிளக்கை விரல்களால் மெல்லிய திரிபோல் உருட்ட வேண்டும். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உள்ளே செருகி, அது ஊதி நிறையும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பொருந்திவிட்டால் உங்கள் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்கும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

மஃபில் வேறு தொல்லை. கண்ணாடிக் காம்பு, தொங்கும் கம்மல், காதோரக் கற்றை முடி, இவற்றில் எது இடையில் வந்தாலும் சத்தம் நுழைய வழி கிடைத்துவிடும். காதை மூடும் கிண்ணம் தடிமனாக இருந்தால் துப்பாக்கிக் கட்டை இடித்து மஃபைத் தூக்கிவிடும்; சுடும் நொடியில் காது திறந்துகிடக்கும். மெலிந்த கிண்ணமாகப் பாருங்கள். சுற்றியுள்ள மெத்தை நம் வெயிலிலும் வியர்வையிலும் விறைத்துப்போனால் மாற்றிவிடுங்கள்.

12 போர், கைத்துப்பாக்கி, பெரிய ரைஃபிள் என்றாலோ, கூரையும் சுவரும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் உள்ளரங்கம் என்றாலோ, பிளக்கைச் செருகி அதன்மேல் மஃபையும் போடுங்கள். இரண்டின் எண்ணும் கூடிவிடாது. பெரிய எண்ணோடு ஐந்து டெசிபல் போலத்தான் சேரும். அந்த ஐந்தும் வேண்டியதுதான்.

பேச்சைக் கேட்கவிட்டு வெடிச்சத்தத்தை மட்டும் தடுக்கும் மின்னணு மஃபும் உண்டு. பயிற்றுநர் ‘நிறுத்து’ என்றால் காதில் விழ வேண்டிய புதியவர்களுக்கு அது மிக நல்லது. சர்வதேசப் போட்டியில் சுடும் வீரர் அதை அணிய விதி இடம் தராது. போட்டிக்குப் போகிறவர்கள் சாதாரண மஃபிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

பஞ்சை நம்பாதீர்கள். அது தடுப்பது மிகச் சொற்பம். சுட்டபின் காதில் இரைச்சலோ அடைப்போ மறுநாளும் இருந்தால், ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் கேட்கும் திறனைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையைப் பயிற்சிக்கு அழைத்துப்போய் பின்வரிசையில் காத்திருக்கும் தாய் தந்தையருக்கும் காது உண்டு. அடுத்த முறை கிளம்பும்போது பையில் இரண்டு ஜோடி பிளக் அதிகமாகவே போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் வெறுங்காதோடு நிற்பவரிடம் ஒரு ஜோடியை நீட்டுங்கள்.