மடக்குக் கத்தி நடத்திய பாடம்

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரை)



"உன் தொழில் அனுபவத்தைப் பத்து நிமிஷம் பேசு" என்றார் செயலாளர். சாதனை என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு தோல்வியும் ஒரு மடக்குக் கத்தியும்தான் இருக்கின்றன.

முதலில் தோல்வி. வேலைக்குச் சேர்ந்த சில ஆண்டுகளில் நான் ஒரு கிளாம்ப் வடிவமைத்தேன். ஒரு பிவட் பின், ஒரு பட்டை ஸ்பிரிங், ஒரு நெம்புகோல், அவ்வளவுதான். இரண்டு வருஷம் ஒரு புகாரும் இல்லை. எனக்கோ தலைகால் புரியாத பெருமை. அசெம்பிளியில் இருந்த மூத்த பிட்டர் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே 60 கிளாம்ப் திரும்பி வந்தன. சிலது இறுகவில்லை, சிலது திறக்கவே இல்லை.

அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். "ஒவ்வொரு ஓட்டையிலயும் துளித்துளி வித்தியாசம் சார். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துட்டா உட்காராது. நான் ஒவ்வொண்ணையும் ராவித்தான் போட்டேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கலையே சார்!" பிறகு பாக்கு நறுக்க வைத்திருந்த பழைய மடக்குக் கத்தியை என் கையில் வைத்தார். "இதுல ஒண்ணு சொந்தமா செஞ்சு பாருங்க, புரியும்."

இந்தக் கத்தியில் பூட்டு கிடையாது. அலகின் அடிப்பகுதியான டாங் ஒரு ஆணியில் சுழல்கிறது. பிடியின் முதுகில் ஒரு ஸ்பிரிங். அதன் பின்நுனியும் நடுவும் ஆணியில் நிற்க, முன்நுனி மட்டும் டாங்கை அழுத்துகிறது. டாங்கில் மூன்று தட்டைப் பரப்புகள்: திறந்த நிலைக்கு ஒன்று, பாதிக்கு ஒன்று, மடித்த நிலைக்கு ஒன்று. ஸ்பிரிங் தட்டையில் உட்கார்ந்தால் அலகு நிற்கும். நடுவிலுள்ள மூலையில் ஏறி இறங்கும்போது 'டக்' என்று சத்தம் வரும். இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத் தொழிலாளர்கள் இதைக் கத்தியின் 'நடையும் பேச்சும்' என்பார்கள். அங்கே ஸ்டான் ஷா (1926-2021) என்பவர் 14 வயதில் இந்த வேலைக்கு வந்து, எழுபது ஆண்டுகளுக்கு மேல் இதையே செய்தார். எழுபது ஆண்டு செய்ய இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். செய்து பார்த்தபின் அப்படி நினைக்கவில்லை.

முதல் கத்தி. ஆணியின் மையத்திலிருந்து தட்டைக்கு 4 மி.மீ. வைத்தேன். சதுர டாங் என்பதால் மூலைக்குத் தூரம் 5.66. அதாவது ஸ்பிரிங் 1.66 எழும்ப வேண்டும். முன் அழுத்தம் 1 மி.மீ. சேர்த்தால் 2.66. ஸ்பிரிங் தடிமன் 3, நீளம் 35. இரண்டாவது தடவை திறந்ததும் 'டப்' என்று ஒடிந்தது. பிறகுதான் கணக்குப் போட்டேன்! கான்டிலீவர் பீம் என்று எடுத்துக்கொண்டால் தகைவு ஏறக்குறைய 1950 மெகாபாஸ்கல். ஒடியாமல் என்ன செய்யும்? அதோடு அலகையும் ஸ்பிரிங்கையும் ஒரே சூட்டில் டெம்பர் செய்திருந்தேன். அலகுக்கு 200 டிகிரி சொச்சம், வைக்கோல் நிறம் போதும். ஸ்பிரிங்குக்கு 300-ஐ ஒட்டிய நீல நிறம் வரவேண்டும். தடிமனை 2 ஆக்கி, நீளத்தை 40 ஆக்கி, மூலையை உருட்டி, முன் அழுத்தத்தையும் சற்றுக் குறைத்து, மொத்த எழும்பலை 1.8-க்குக் கொண்டு வந்தேன். தகைவு 675. இரண்டாம் ஆண்டில் படித்த அதே சூத்திரம்தான். அன்று மதிப்பெண்ணுக்கு எழுதினேன், இன்று ஸ்பிரிங்குக்கு எழுதினேன்.

இரண்டாவது கத்தி ஒடியவில்லை, ஆனால் அழகாக இல்லை. நல்ல கத்தியில் ஸ்பிரிங்கின் முதுகு மூன்று நிலையிலும் பிடியோடு ஒரே மட்டமாக நிற்கும். அதற்கு மையத்திலிருந்து மூன்று தட்டைகளும் ஒரே தூரம் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்தேன். திறந்தால் சரி, பாதியில் 0.15 மேடு, மடித்தால் 0.10 பள்ளம். மேட்டை ராவலாம், பள்ளத்தை என்ன செய்ய? இரும்பைக் குறைக்க முடியும், கூட்ட முடியாது. அலகின் வாய் ஸ்பிரிங்கில் இடிக்காமல் தடுக்கும் சிறு மேடு ஒன்று டாங்கில் உண்டு. அவசரத்தில் அதையும் அதிகமாக ராவிவிட்டேன். மடிக்கும்போதெல்லாம் வாய் ஸ்பிரிங்கில் பட்டு மழுங்கியது. கத்தி குப்பைக்குப் போனது.

மூன்றாவதில்தான் வரிசை புரிந்தது. திறந்த நிலையை முதலில் முடித்து, கேஜில் அதையே பூஜ்யமாக வைக்க வேண்டும். மற்ற இரண்டிலும் கொஞ்சம் இரும்பை மிச்சம் விட்டு, உளியும் சுத்தியலும் இல்லாமல் அரமும் சாணைக்கல்லுமாக, ராவி, பூட்டி, பார்த்து, கழற்றி, மறுபடி ராவ வேண்டும். எத்தனை தடவை கழற்றினேன் என்று எண்ணவில்லை. கடைசியில் ரிவெட் அடிக்கும்போது பக்கத்தகட்டுக்கும் டாங்குக்கும் நடுவே 0.05 மி.மீ. தகட்டைச் சொருகி, அடித்தபின் உருவினேன். அந்த இடைவெளி இல்லாவிட்டால் அலகு அசையாது, கூடினால் ஆடும். இதோ, கேளுங்கள்... 'டக்'. (கைதட்டல்)

அப்புறம் அந்த கிளாம்ப் டிராயிங்கை எடுத்தேன். ஓட்டைகளுக்கு அளவுகளைச் சங்கிலி போல் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கொடுத்திருந்தேன். பிழையும் அப்படியே சேர்ந்திருக்கிறது. எல்லா அளவையும் பிவட் மையத்திலிருந்து கொடுத்தேன். ஓட்டைகளை ஒரே செட்டிங்கில் போடச் சொன்னேன். புது டிராயிங்கைப் பெரியவரிடம் காட்டினேன். "இப்ப அரம் வேண்டாம் சார்" என்றார். நான் வாங்கிய சான்றிதழ்களில் எனக்கு மிகப் பெரியது அதுதான்.

தம்பி தங்கைகளே! முதலாண்டில் நமது பிட்டிங் ஷாப்பில் சதுரத் துண்டை ராவும்போது, "இது கம்ப்யூட்டர் யுகத்துக்கு எதற்கு?" என்று நானும் முணுமுணுத்தவன்தான். மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்து, "இடுக்கில் வெளிச்சம் தெரியுதப்பா, போய் ராவு" என்று நான்கு தடவை திருப்பி அனுப்பினார் எங்கள் போதகர். அவர் அன்று சொன்னது எனக்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் கேட்டது. உங்களுக்குச் சீக்கிரமே கேட்கட்டும்.

அண்ணன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் டிராயிங்கும் எங்கோ ஒருவருடைய அரத்தால் ஓடிக்கொண்டிருக்கலாம். அவர் ஓய்வு பெறும் முன் ஒருமுறை போய்க் கேளுங்கள்.