வீட்டினுள் ஓர்கிட் வளர்த்தல்

(கல்முனைப் பகுதிக் கமக்காரர் கூட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லையும் கத்தரியையும் பற்றிப் பேசவேண்டிய இடத்திற் பூஞ்செடியைப் பற்றிப் பேசுவதேன் என நீங்கள் வினவலாம். பேராதனைத் தாவரவியற் பூங்காவின் ஓர்கிட் இல்லத்தைக் கண்டு ஆசைகொண்டு, திரும்பும் வழியில் ஒரு சட்டியை வாங்கி வருவோர் நம்மிடையே உளர். பெருவிலை கொடுத்து வாங்கிய அச்செடி சில மாதங்களில் அழுகி மடிகின்றது. அது கவனிப்புக் குறைவினாலன்று. பெரும்பாலும் கவனிப்பு மிகுதியினாலேயே மடிகின்றது. மாணவனாயிருந்த காலத்தில் யானும் ஒரு செடியை நாள்தோறும் நீரூற்றிக் கொன்றவன். சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் யாவும் கபில நிறச் சக்கையாயிருந்தன.

இதன் காரணத்தை நெற்செய்கையாளர் எளிதில் விளங்கிக்கொள்வர். நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் இடைவெளிகள் உள. ஆதலால் அது சேற்றில் நின்றும் மூச்சு விடுகின்றது. வீடுகளில் வளர்க்கப்படும் ஓர்கிட்டுகளிற் பெரும்பாலானவையோ காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வாழும் இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் வேரைப் பஞ்சு போன்ற உறையொன்று மூடியிருக்கும். மழை பெய்யும்போது அது நீரை உறிஞ்சும். பின்னர் காற்றில் உலரும். அவ்வேரை மண்ணிற் புதைத்து ஈரத்தில் வைத்தால் அது மூச்சடைத்து அழுகும்.

ஆகவே சட்டியில் மண் இடலாகாது. பல துளைகளுள்ள மட்சட்டியில் மரக்கரி, செங்கற்றுண்டு, தேங்காய் உரிமட்டைத் துண்டு ஆகியவற்றை இடுக. உரிமட்டையைச் சில நாள் நீரில் ஊறவைத்து, அந்நீரை மாற்றி மாற்றிக் கழுவியபின் பயன்படுத்துக. அது உக்கிப்போகுமாதலால் இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றுதல் வேண்டும்.

நீரூற்றும் நாளை வேரே சொல்லும். வேர் வெண்சாம்பல் நிறமாயின் நீர் ஊற்றுக, பச்சையாயின் பொறுத்திருக்க. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அடிக்கடி ஊற்ற நேரிடும், மாரியிற் குறைக்க. காலையில் ஊற்றி, முழுவதும் வடியவிடுக. குருத்தில் நீர் தங்கவிடலாகாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபின் நம் கிணறுகள் உவர்த்தமையை நீங்கள் அறிவீர்கள். உவர்நீரை ஓர்கிட் தாங்காது. சேமித்த மழைநீரே சிறந்தது.

வீட்டினுள் வைப்பதற்குப் பலனொப்சிஸ் என்னும் இனம் ஏற்றது. வண்டா, டென்றோபியம் ஆகியவற்றுக்கு ஒளி மிகுதியாக வேண்டுமாதலால் அவற்றை விறாந்தையில் வைக்க. கிழக்கு நோக்கிய யன்னலின் காலை வெயில் நன்று. உச்சி வெயில் இலையைக் கருக்கும். இலை கரும்பச்சையாகிப் பூ வராதிருப்பின் ஒளி போதாதென அறிக.

வயலுக்கிடும் யூரியாவைச் சட்டியிற் போடலாகாது. நீரிற் கரையும் கலப்புப் பசளை 1 கிராமை 1 இலீற்றர் நீரிற் கரைத்து, இரு கிழமைக்கொருமுறை, வேரை முதலில் நனைத்தபின் விடுக. வெண்மூட்டுப் பூச்சி தோன்றின், சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைக்க. வயலுக்கு வாங்கிய நஞ்சை வீட்டினுள் ஒருபோதும் தெளிக்காதீர். வேர் அழுகினால், தீயிற் சுட்டு ஆறிய அலகினால் அழுகிய பகுதியை வெட்டி நீக்கிப் புதிய கரியில் நடுக.

இறுதியாக ஒன்று. மாரியில் நீர் தேங்கிய பாத்தியிற் கத்தரியும் மிளகாயும் வாடுவதைக் கண்டு, தாகமென்றெண்ணி மேலும் நீர் பாய்ச்சுவோர் உளர். அங்கும் வேர் மூச்சடைத்தே செடி வாடுகின்றது. அதற்கு வேண்டுவது நீரன்று, வடிகால். வாடிய செடிக்கு நீரூற்றுமுன் வேரைப் பாருங்கள். சட்டியிற் கற்கும் இப்பாடம் உங்கள் தோட்டத்தையும் காக்கும்.